முனிக்கல்லுக்கு அடியில்

பிரேமினிக்கு ஒரு வியாதி உண்டு. மூடிக் கிடக்கிற எதைக் கண்டாலும் உள்ளே என்ன என்று பார்க்காமல் இருக்க முடியாது. பக்கத்து வீட்டு அடுப்பில் சட்டி கொதித்தால் மூடியைத் தூக்கிப் பார்ப்பாள். கோயில் உண்டியலின் ஓட்டையில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்துப் பூசாரியிடம் ஏச்சு வாங்கியிருக்கிறாள். கல்யாணமான புதிதில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் பற்சக்கரங்களை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். "எதையாச்சும் நோண்டாட்டி இவளுக்குச் சோறு இறங்காது" என்று புருஷன் விஜிதரன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். கோபமாகத்தான் ஆரம்பிப்பான், முடிக்கும்போது சிரிப்பு வந்துவிடும்.

ஊரார் மூடியையெல்லாம் திறந்து பார்த்தவளுக்குத் தன் வீட்டைச் சாத்த ஒரு கதவு இல்லாமல் போனதுதான் வேடிக்கை. லிந்துலைக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில், ஒரு அடைமழைக் காலத்தில் மலை சரிந்து, தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. உயிர்ச்சேதம் இல்லை. மிச்சப் பாதியில் யாரும் இருக்கக் கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். அன்று முதல் அத்தனை குடும்பமும் பழைய மடுவத்தில், அதாவது ஒரு காலத்தில் தேயிலைக் கொழுந்தை எடை போட்ட கொட்டகையில், குறுக்கே சேலையைக் கட்டிக் குடித்தனம் நடத்தின. சேலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் புரண்டு படுத்தால் இந்தப் பக்கம் தூக்கம் போய்விடும். உடுப்பு மாற்ற வேண்டுமென்றால் இரண்டு பேர் போர்வையை விரித்துப் பிடிக்க வேண்டும். பிரேமினி குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக வேலை செய்த பிள்ளைக்காம்பராவும் சுவர் வெடித்துப் பூட்டிக் கிடந்ததால், பகலிலும் அவளுக்கு அந்தச் சேலைகளுக்கு நடுவில்தான் வாசம். உள்ளே போய்ச் சாத்திக்கொள்ள ஒரு கதவு கிடைத்தால் போதும் என்று அவள் வாய்விட்டு அழுத நாளும் உண்டு.

கடைசியில் ஒரு வழி பிறந்தது. பழைய லயத்து மேடு என்று ஒரு மேடு, மானாப்புல் மண்டிக் கிடந்தது. குடும்பத்துக்கு ஏழு பேர்ச் என்று அங்கே காணி கொடுத்தார்கள். சீட்டுக் குலுக்கியதில் பிரேமினிக்கு விழுந்தது மேட்டின் ஓரம், டர்பன்டைன் மரத்தடிக் காணி. நிழலும் உண்டு, மலையிலிருந்து விழுகிற பீலித் தண்ணீரும் பக்கம். மடுவத்தில் சேலைக்கு அந்தப் பக்கம் குடியிருந்த ராக்காயி அதைப் பார்த்துப் பொருமினாள்.

மேட்டைச் சமப்படுத்த வந்த பெக்கோ இயந்திரம் இரண்டாவது தடவை மண்ணை வாரியபோது, பழைய செங்கல்லும் சட்டி ஓடும் கொத்துக் கொத்தாக மேலே வந்தன. யாரோ படம் பிடித்துப் போனில் போட, அது எங்கெங்கோ போய், வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. பின்னாலேயே பல்கலைக்கழகத்திலிருந்து அகழாய்வுக் குழு ஒன்று வந்து சேர்ந்தது. தலைமை தாங்கியவள் சுதர்ஷினி. கொட்டகலைப் பெண், பிரேமினியைவிட வயதில் சின்னவள், காதில் தோடுகூட இல்லாமல் ஒரு பெரிய தொப்பி. தோட்டத்து ஆட்கள் விருப்பமிருந்தால் உதவிக்கு வரலாம், சம்பளம் கிடையாது, பகல் சாப்பாடு உண்டு என்றாள்.

சம்பளமில்லாத வேலைக்கு யார் போவார்கள்? ஆனால் மடுவத்தில் கூட்டம் போட்டுத் தோட்டத் தலைவர் செல்லசாமி வேறு விதமாகச் சொன்னார்.

"நம்ம ஆளு ஒண்ணு உள்ள இருக்கணும். என்னத்தைக் கண்டுபிடிக்கிறாங்க, என்ன பேசிக்கிறாங்கன்னு நமக்குத் தெரியணும். பழைய சாமான் எதாச்சும் பெருசா கெளம்பிச்சுன்னா, காணி நம்ம கையில இல்ல. தொல்பொருள் எடம், உள்ள வராதேன்னு பலகை அடிச்சுட்டுப் போயிருவாங்க."

எல்லாரும் பிரேமினியைப் பார்த்தார்கள். "நோண்டுறதுக்குன்னே பொறந்தவ இருக்கப்ப வேற யாரு மாமா?" என்றாள் ராக்காயி.

இப்படி வேவு பார்க்கப் போனவள்தான் பிரேமினி. முதல் நாளே மாட்டிக்கொண்டாள். நூல் கட்டிய சதுரக் குழிக்குள் உட்கார்ந்து மேசன் கரண்டியால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது பச்சையாக ஏதோ மினுங்கியது. வெடுக்கென்று பிடுங்கி, பீலியில் கழுவி, கண்ணாடி வளையல் துண்டு என்று கண்டுபிடித்து, ஓடிவந்து நீட்டினாள். சுதர்ஷினி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அக்கா, இதை எங்க எடுத்தீங்க?"

"இந்தக் குழியிலதான் மிஸ்."

"குழியில எங்க? எவ்வளவு ஆழத்துல? பக்கத்துல என்ன இருந்துச்சு?"

பிரேமினி குழியைத் திரும்பிப் பார்த்தாள்; பிடுங்கிய இடம்கூட அடையாளம் தெரியவில்லை.

"பொருளு முக்கியமில்ல அக்கா. அது எங்க படுத்திருந்துச்சுங்கிறதுதான் முக்கியம். பிடுங்காதீங்க. சுத்தியிருக்கிற மண்ணை எடுங்க, அதுவா வெளிய வரட்டும்."

இதைக் கேட்டதும் பிரேமினிக்குள் என்னவோ நடந்தது. இத்தனை நாள் மூடியைத் தூக்கிப் பார்ப்பதோடு அவள் ஆசை முடிந்துவிடும். பொறுத்துப் பொறுத்து, விரல் அகலம் விரல் அகலமாகத் திறந்து பார்க்கிற சுகம் அவளுக்குப் புதிது. குழியின் சுவரைக் காட்டிச் சுதர்ஷினி சொல்லிக் கொடுத்தாள். மேலே தேயிலை வேரோடிய கறுப்பு மண். அதற்குக் கீழே கரியும் ஓடும் கலந்த சாம்பல் மண், அதுதான் ஆட்கள் வாழ்ந்த காலம். அதற்கும் கீழே யாரும் தொடாத மஞ்சள் மண். "ஒரு தடவை வெட்டி மூடினா மூணும் கலந்துரும். எத்தனை காலம் போனாலும் அந்தக் கலப்புத் தெரியும்" என்றாள்.

தேயிலைக்கு முந்தின கோப்பிக் காலத்தில் வந்து இறங்கிய முதல் ஆட்களின் லயமாக இருக்கலாம் என்று குழு நினைத்தது. பிரேமினி சாயங்காலம் மடுவத்துக்குத் திரும்பியதும் வேவுச் செய்தியை மறந்துவிட்டு வேறு கதை பேசினாள். "ஒரு அடுப்பு கெடைச்சிருக்கு. அதுல ரெண்டு கல்லுதான் இருக்கு. மூணாவது கல்லை எவளோ தூக்கிட்டுப் போயிருக்கா. ஏன் தூக்கிட்டுப் போனா?" விஜிதரன் தலையணையால் காதை மூடிக்கொண்டான்.

நல்ல செய்தியும் ஒன்று கொண்டுவந்தாள். வெறும் லயம்தான் என்றால் படமெடுத்து, எழுதி வைத்துவிட்டு, மேட்டை வீட்டுக்கு விட்டுவிடலாம் என்று சுதர்ஷினி சொல்லியிருந்தாள். செல்லசாமி அதை நம்பவில்லை. "அப்பிடித்தான் சொல்லுவாங்க" என்றார். அதோடு பிரேமினியின் முகத்தில் தெரிந்த பளபளப்பும் அவருக்குப் பிடிக்கவில்லை. இவள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று முடிவு கட்டி, அதன் பிறகு அவளிடம் எதையும் சொல்லாமல் விட்டார்.

பௌர்ணமிப் போயா விடுமுறைக்குக் குழு ஊருக்குப் போனது. பிரேமினி அன்று வலப்பனையில் அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு மறுநாள் காலையில் திரும்பி நேரே மேட்டுக்கு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். டர்பன்டைன் மரத்தடியில், இன்னும் யாரும் துப்புரவு பண்ணாத மானாப்புல்லுக்கு நடுவில், வட்டமாகப் புல்லைச் செதுக்கி, முழங்கால் உயரக் கல் ஒன்று நட்டிருந்தார்கள். எண்ணெயும் கரியும் பூசிக் கன்னங்கரேலென்று இருந்தது. சிவப்புத் துணி, சூலம், எலுமிச்சம்பழம், உடைத்த தேங்காய். சூடம் எரிந்த கறை வேறு.

கல் அவளுக்குத் தெரிந்த கல்தான். ஆற்றில் அவள் துணி துவைக்கிற கல்.

"என்ன வேலைங்க இது?" என்று விஜிதரனைத் தனியே இழுத்துக் கேட்டாள்.

"தலைவரு சொன்னாரு, தூக்குனோம்" என்றான் அவன். "முனி இருக்கிற எடத்தை எந்தத் தொரையும் தொட்டதில்ல. மானேஜர் பங்களாவுக்கு ரோட்டுப் போட வந்தப்பகூட முனியைச் சுத்தி வளைச்சுத்தான் போட்டாங்க. நம்ம சாமி இருந்தா நம்ம காணி. எவன் பலகை அடிப்பான்?"

தோட்டத்தில் அது உண்மைதான். மலையை வெட்டுவார்கள், மரத்தைச் சாய்ப்பார்கள், முனி மட்டும் நின்ற இடத்தில் நிற்பார். அந்த வழியைத் தவிர வேறு வழி தெரியாதவர்கள், அதையே இங்கேயும் செய்துவிட்டார்கள். ஆனால் இந்தத் தடவை வந்திருப்பது ரோட்டுப் போடுகிற துரை இல்லை, பழசைத் தேடுகிறவள் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

சுதர்ஷினி வந்தாள். கல்லைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். செல்லசாமி வேட்டியை இறக்கிவிட்டு முன்னால் வந்து நின்றார்.

"முன்னாடி யாரும் சொல்லலியே ஐயா?"

"நீங்க கேக்கலியே மிஸ்ஸு. பாட்டன் பூட்டன் காலத்து முனி. புல்லு மூடிக் கெடந்துச்சு, நாங்க துப்புரவு பண்ணினோம். இந்த மேடு முழுக்க அவரு எல்லை."

சுதர்ஷினி தொப்பியைக் கழற்றினாள். "மேடு முழுக்கவா?"

"முழுக்க" என்றார் தலைவர், கை இரண்டையும் அகல விரித்து.

"அப்ப வீட்டு வேலை ஆரம்பிக்க ஏலாது ஐயா. வெறும் லயம்னா எழுதி வச்சுட்டு விட்டுருவேன். முதல் ஆளுங்க கும்பிட்ட கோயில்னா விட முடியாது. எல்லை மேடு முழுக்கன்னு நீங்களே சொல்றீங்க, நானும் அப்பிடித்தான் எழுதணும். மேடு முழுக்கத் தோண்டிப் பார்க்கிற வரைக்கும் ஒருத்தரும் அத்திவாரம் வெட்டக் கூடாது. வருஷக்கணக்காகும்."

விரித்த கையை எப்படி மடக்குவது என்று செல்லசாமிக்குத் தெரியவில்லை. இதோ, இது நேற்று வைத்த கல் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் யார் சொல்வது? சூடம் கொளுத்தியாயிற்று. தேங்காய் உடைத்து, பிள்ளைகுட்டியோடு விழுந்து கும்பிட்டாயிற்று. சூடம் காட்டின பிறகு கல், கல் இல்லை. அதை வைத்துக்கொண்டு பொய்ச் சாமி என்று சொல்ல அந்த டிவிசனில் ஒரு நாக்கும் புரளாது. ராக்காயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். விஜிதரன் மரத்தைப் பார்த்தான். அத்தனை குடும்பத்தின் வீடும் அந்தத் துவைகல்லின் கீழே மாட்டிக்கொண்டது.

பிரேமினிக்கும் சொல்ல வாய் வரவில்லை. அவளும் சாமிக்குப் பயந்தவள்தான். ஆனால் அவள் கண் கல்லில் இல்லை, கல்லின் அடியில் இருந்தது.

"மிஸ், சாமியைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல" என்றாள். "பக்கத்து மண்ணை மட்டும் கொஞ்சம் வெட்டிப் பாக்கலாமா? கல்லைத் தொட வேணாம்."

சுதர்ஷினி குனிந்து கல்லின் அடியைப் பார்த்தாள். அவளுக்கும் சந்தேகம் இல்லாமலில்லை. ஊர்ச்சாமியைப் பொய் என்று சொல்ல வெளியாளுக்கு வாய் எழவில்லை, அவ்வளவுதான். "தலைவர் சரின்னா சரி" என்றாள்.

செல்லசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கினார். அதுதான் அவருடைய சம்மதம்.

பிரேமினி ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கல்லின் பக்கத்தில் நேராக வெட்டி இறங்கினாள். ஊரே கழுத்தை நீட்டிப் பார்த்தது. கறுப்பும் சாம்பலும் மஞ்சளும் கட்டி கட்டியாகக் கலந்திருந்தன. நடுவில் இன்னும் வாடாத மானாப்புல் ஒரு பிடி. அதற்குக் கீழே, சிவப்பு நிறம் மங்காத ஒரு டொபி மிட்டாய்த் தாள். ராக்காயியின் பேரன் தின்கிற டொபி. யாரோ முதலில் களுக்கென்று சிரிக்க, அப்புறம் கூட்டம் முழுக்கச் சிரித்தது. செல்லசாமி மட்டும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "சாமி எப்ப வந்தா என்ன, சாமி சாமிதான்" என்றார்.

"அதுல சந்தேகமே இல்ல ஐயா. மரியாதையா வேற எடத்துல கொண்டுபோய் வைங்க" என்றாள் சுதர்ஷினி. "இது புதுக் குழி. அப்பிடியே எழுதிடுறேன். உங்க வீட்டுக்கு இதனால தடையில்ல."

கூட்டத்தின் மூச்சு இறங்கியது. பெரிய கேத்தலில் ப்ளேன்டீ வந்தது. செல்லசாமியே முன்னால் நின்று, முனியிடம் மன்னிப்புக் கேட்டு, கல்லைப் பெயர்த்து மரத்தின் அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்தார். எல்லாரும் கோப்பையோடு அங்கங்கே நின்று, யார் வீட்டு வாசல் எந்தப் பக்கம் என்று கையை நீட்டி நீட்டிப் பேசினார்கள்.

பிரேமினி குழியிலிருந்து ஏறவில்லை. கல் எடுத்த பள்ளத்தின் அடி அவளை ஏற விடவில்லை. சும்மா ஒரு தடவை சுரண்டிச் சமப்படுத்தினாள். புதுக் குழி அங்கே முடிந்துவிட்டது. அதற்குக் கீழே மஞ்சள் மண் தெரிய வேண்டும். தெரியவில்லை. மஞ்சளுக்கு நடுவே வட்டமாக ஒரு கறுப்பு. கறுப்பும் மஞ்சளும் கலந்து, கல்லாக இறுகிப் போன மண். யாரோ எப்போதோ வெட்டி மூடிய குழி. விரலால் தள்ளிப் பார்த்தாள். ஒரு கல்லின் தலை, புகை ஏறிக் கறுத்தது. அதன் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது சின்ன மண் விளக்கு.

நேற்று இந்த ஆட்கள் கல் நட்ட அதே இடத்தில், முதலில் வந்த ஆட்களும் கல் நட்டிருக்கிறார்கள்.

நிழல் விழுந்தது. விஜிதரன் அவளுக்கு ப்ளேன்டீ கொண்டுவந்து குந்தியிருந்தான். அவனும் பார்த்துவிட்டான்.

"மூடு" என்றான் மெதுவாக.

"என்னன்னு பாக்க வேணாமா?"

"இது நம்ம காணி பிரேமினி. மத்தவங்க காணியில இல்ல, நம்ம காணியில இருக்கு. மூடிரு. நான் ஒண்ணும் பாக்கல."

அவன் குரலில் அதட்டல் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு வலித்தது. ஒரு பிடி மண்ணை அள்ளி விளக்கின் மேல் போட்டாள். இன்னொரு பிடி அள்ளினாள். போட முடியவில்லை. இதை மூடிவிட்டு மேலே வீடு கட்டலாம். கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகப் படுக்கலாம். ஆனால் கீழே என்ன, யார் வைத்தது, எதற்காக என்ற கேள்வி சாகிற வரைக்கும் தன் முதுகில் குத்தும் என்று அவளுக்குத் தெரியும். வீடு வேண்டும் என்ற ஆசையும் கொஞ்சமும் குறையவில்லை.

"மிஸ்" என்று கூப்பிட்டாள். "இங்க வந்து பாருங்க. கீழ இன்னொண்ணு இருக்கு."

விஜிதரன் ப்ளேன்டீயைத் தரையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனான்.

சுதர்ஷினி குப்புறப் படுத்து நெடுநேரம் பார்த்தாள். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது. இது உண்மையானது, ஆனால் சின்னது, இந்த மரத்தடியோடு நிற்கிறது என்றாள். மற்றக் காணிகளுக்கு ஆபத்தில்லை. மரத்தைச் சுற்றி நூல் கட்டினார்கள். "இது யாரு காணி?" என்று அவள் கேட்டாள். "அவளோடதுதான் மிஸ்ஸு" என்றார் செல்லசாமி. பிறகு பிரேமினியிடம் வந்து, "அடுத்த தடவை காணி குடுக்கிறப்ப மொத ஆளு நீதான்மா" என்றார். அடுத்த தடவை எப்போது என்று அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ராக்காயி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பொருமல் எல்லாம் போன இடம் தெரியவில்லை.

அன்றிரவு விஜிதரன் அவளோடு பேசவில்லை. சேலைக்கு இரண்டு பக்கமும் அது கேட்டது.

மறுநாள் குழியை அகலப்படுத்தினார்கள். கல்லைச் சுற்றிலும், மண்ணுக்குள், வழவழவென்று ஒரு தரை கிளம்பியது. சாணி மெழுகிய தரை. ஓரத்தில் சுவரின் அடிக்கல். மூலையில் அம்மி கிடந்து தேய்ந்த பள்ளம். பழைய முனிக்குழி அந்தத் தரையைப் பொத்துக்கொண்டு நடுவில் இறங்கியிருந்தது.

"இது வெளி இல்ல அக்கா" என்றாள் சுதர்ஷினி. "லயத்துக் காம்பரா. ஆளு குடியிருந்த காம்பராவுக்கு நடுவுல குழி வெட்டிக் கல்லை நட்டிருக்காங்க. யாரோ ஒருத்தங்க வீட்டை விட்டுக் கொடுத்திருக்காங்க."

பிரேமினி தரையைத் தடவினாள். மெழுகிய கையின் விரல் வரிகள் இன்னும் அதில் ஓடின. அரை வட்டம் அரை வட்டமாக, ஒரு பெண் குனிந்து பின்னால் நகர்ந்தபடியே மெழுகிய வரிகள்.

"யாரா இருக்கும் மிஸ்? விருப்பப்பட்டுக் குடுத்தாளா, புடுங்கிக்கிட்டாங்களா?"

"அதை மண்ணு சொல்லாது அக்கா."

"விருப்பப்பட்டுத்தான் குடுத்திருப்பா" என்றது பின்னால் ஒரு குரல்.

விஜிதரன். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. குழியின் விளிம்பில் நின்று, மெழுகிய தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் அவள்.

"அழுதிருப்பா" என்றான். "புருஷன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்திருப்பான். ஆனா குடுத்திருப்பா."

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்கினான். பிரேமினி புறங்கையால் முகத்தைத் துடைத்து, கன்னமெல்லாம் மண்ணாக்கிக்கொண்டு, ஒரு கரண்டியை அவனிடம் நீட்டினாள். பிடுங்கக் கூடாது, சுற்றியிருக்கிற மண்ணைத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். சரி என்று அவள் பக்கத்தில் குந்தினான்.